ஐம்பது கிலோமீற்றரும் ஒரு பிளாஸ்ரிக் கதிரையும்

1

மே மாதக் கடைசியில் எடுத்த ஒரு படம் கைபேசிக்குக் கைபேசி தாவி மன்னார் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதில் நான் இறுக்கமான கறுப்புக் காற்சட்டையும் நெஞ்சில் குத்திய எண் அட்டையுமாக, ஒரு காட்டுப் பாதையோரம் பிளாஸ்ரிக் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். என்னைச் சுற்றி எங்கள் கத்தோலிக்கக் கோவில் பங்கைச் சேர்ந்த பெண்கள். ஒருத்தி தேசிக்காய்த் தண்ணீர் பருக்குகிறாள். இன்னொருத்தி என் தலையில் கைவைத்துச் செபிக்கிறாள். மூன்றாமவள் என் முழங்காலில் எண்ணெய் தேய்க்கிறாள்.

படத்தைப் பார்த்த என் தங்கை அழாக்குறையாகத் தொலைபேசி எடுத்து, "அக்கா, உனக்கு என்ன வருத்தம்? ஏன் எங்களுக்கு மறைச்சனீ?" என்று கேட்டாள். அவளைத் தொடர்ந்து ஊரில் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் நொந்துபோனேன். அதனால்தான் எல்லாருக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறேன். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஒரு நோயும் இல்லை. களைப்பு மட்டும்தான், அதுவும் நிறைய.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஓட்டம் பிடிக்காது. பஸ் புறப்படுகிறது என்றால்கூட அடுத்ததைப் பிடிக்கலாம் என்று நிற்கிற ஆள் நான். ஐம்பது வயது கடந்தவள். ஊரைவிட்டு வந்து பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர்நாட்டு நகரத்தில், கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில், ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. நாள் முழுக்க ஆட்களைத் தூக்கி, திருப்பி, கழுவி, உடுப்பாட்டி முடித்து மெற்றோவில் இருக்கை கிடைத்தால் அன்றைக்கு நல்ல நாள். வீடு பார்க் எக்ஸ்ரென்சனில், மூன்றாம் மாடியில், மின்தூக்கி இல்லாத கட்டடத்தில். எனக்கு அந்தப் படிகளே போதுமான உடற்பயிற்சி.

2

ஓட்டம் என் மகள் டிலானியின் வியாதி.

என் கணவர் இறந்து நான்கு வருடமாகிறது. தகப்பனின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிப் பூசை முடிந்த கையோடு டிலானி நகரத்தின் கிழக்குப் பக்கத்தில் இரண்டு சிநேகிதிகளுடன் வீடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். புவாண்ட்-கிளேரில் கணினி வேலை. கோபித்துக்கொண்டு போகவில்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது செய்திருக்கலாம். வெறுமனே போனாள், அவ்வளவுதான். கோவிலுக்கும் வருவதை விட்டாள். வாரத்துக்கு ஒருமுறை பேசுவோம்.

"சாப்பிட்டியா பிள்ளை?"

"ஓம்."

"வேலை எப்பிடி?"

"ஓகே."

அதற்குமேல் அவளிடம் தமிழ் இருப்பதில்லை. என்னிடம் பிரெஞ்சு இருக்கிறது, ஆனால் அது வேலைத்தலத்துப் பிரெஞ்சு. காலைத் தூக்குங்கள், என்மேல் சாயுங்கள், நோகிறதா. பெற்ற பிள்ளையிடம் அதில் எதைச் சொல்லுவது? இரண்டு பேரும் தொலைபேசியைப் பிடித்தபடி மற்றவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருப்போம். பிறகு யாராவது ஒருவர் "சரி" என்று சொல்லி வைத்துவிடுவார்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு காலை, ஓடும் உடுப்போடு வாசலில் வந்து நின்றாள். "அம்மா, என்னோட பூங்காவுக்கு வாறீங்களா? நடந்தாலும் பரவாயில்லை" என்றாள். வீட்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனேன். கொஞ்சம் நடை, கொஞ்சம் ஓட்டம், நிறைய மூச்சுவாங்கல். முதல் சுற்று முடிவதற்குள் அவள் கதைக்கத் தொடங்கிவிட்டாள். தன் மேலதிகாரியைப் பற்றி, சிநேகிதியின் பூனையைப் பற்றி, பிரிந்துபோன ஒரு பையனைப் பற்றி. அப்படி ஒருவன் இருந்ததே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பாதி பிரெஞ்சு, கால்வாசி ஆங்கிலம், மிச்சம் தமிழ். முகத்துக்கு முகம் பார்க்காமல் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் அவளுக்கு வாய் திறக்கிறது. எனக்குத்தான் பதில் சொல்ல மூச்சில்லை. அவளுக்கு அது வசதியாகப் போயிற்று என்று நினைக்கிறேன்.

அதன்பிறகு எல்லா ஞாயிறும் வந்தாள். நான் ஞாயிறு தமிழ்த் திருப்பலியை விட்டுவிட்டு, சனி பின்னேரம் பிரெஞ்சுத் திருப்பலிக்குப் போகத் தொடங்கினேன். பங்கில் அதைக் கவனித்துவிட்டார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் பனி விழுந்த கிழமை டிலானி சொன்னாள்: "மே மாசம் ஒரு ரேஸ் இருக்கு. அம்பது கிலோமீற்றர். ரெண்டு பேருக்கும் பதிஞ்சிட்டன்." மரதன் ஓட்டத்தைவிட நீளமான எதையும் அல்ட்ரா மரதன் என்பார்களாம். ஐம்பதுதான் அதில் ஆகச் சின்னதாம். நான் ஓம் என்றேன். வடதுருவம் வரைக்கும் ஞாயிறு ஞாயிறாக ஓடவேண்டும் என்று சொல்லியிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

3

இங்கே குளிர்காலத்தில் ஓடுவதற்கு வெளிக்கிடுவதே பெரிய வேலை. உள்ளுக்கு ஒன்று, அதற்கு மேல் ஒன்று, காற்றுக்கு ஒன்று. கன்னத்துக்கு வாசலின் களிம்பு. சப்பாத்துக்கு அடியில் ஆணி வைத்த றப்பர். எல்லாம் போட்டு முடிய மலசலகூடம் போகவேண்டி வரும். திரும்ப எல்லாவற்றையும் கழற்று. ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கண்ணிமையில் பனி கட்டும். தண்ணீர்ப் போத்தல் வாய் அடைத்துக்கொள்ளும். நடைபாதையில் பனி வழிக்கும் வாகனம் வந்தால் பக்கத்து வீட்டுப் படியில் ஏறி நிற்க வேண்டும். இதையெல்லாம் ஆட்கள் காசு கொடுத்துப் பதிந்துவிட்டுச் செய்கிறார்கள் என்பதை என் தங்கை இன்னும் நம்பவில்லை.

கிழமை நாட்களில் வேலை முடிந்து தனியாக ஓட வேண்டும் என்பது டிலானியின் கட்டளை. பாதி நாள் ஓடினேன். மீதி நாள் சோபாவில் கோட்டோடு நித்திரையாகிப் போனேன். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள் நோன்பான தபசுகாலம் வந்ததும் இறைச்சியை நிறுத்தினேன். "அம்மா, புரோட்டீன்!" என்று கத்தினாள். முட்டையும் மீனும் தின்கிறேன், ஆண்டவர் நாற்பது நாள் ஒன்றுமே தின்னவில்லை என்றேன். "அவர் ஓடேல்லை" என்றாள்.

அதற்கு முன்பே, தை மாதத்தில், உறைமழை பெய்த அடுத்த நாள், வீட்டு வெளிப்படியில் சறுக்கி இடுப்பில் அடிபட விழுந்தேன். கிளினிக்குக்குப் போனால், மருத்துவ அட்டை காலாவதியாகிவிட்டது என்று அங்கிருந்த பெண் சொன்னாள். அந்த அட்டையில் சூரியன் படம் இருக்கும், அதனால் சூரிய அட்டை என்பார்கள். வெளியே சூரியன் இல்லை, கையில் இருந்த சூரியனும் செத்துவிட்டது. புதுப்பிக்க எங்கே போக வேண்டும், என்னென்ன கொண்டு போக வேண்டும் என்று அவள் விளக்கினாள். நான் ஒரு பக்கப் பின்புறத்தில் மட்டும் உட்கார்ந்து கேட்டேன். கடைசியில் பார்த்த வைத்தியர், எதற்கு அந்தப் பனியில் வெளியே போனீர்கள் என்று கேட்டார். ஐம்பது கிலோமீற்றர் ஓட்டத்துக்குப் பயிற்சி என்றேன். அவர் என் பிரெஞ்சைச் சந்தேகித்து, ஐந்தா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஐம்பது என்று ஆங்கிலத்திலும் சொன்னேன். கணினியில் என் வயதைப் பார்த்தார், என் வேலை உடுப்பைப் பார்த்தார், மூன்று கிழமை ஓய்வு எழுதினார். ஞாயிறுகளில் டிலானி வந்து என்னை மெதுவாக நடக்கக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் வந்தது போதும் எனக்கு.

உண்மையான அடி பெப்ரவரிக் கடைசியில் விழுந்தது. எனக்கல்ல, அவளுக்கு. இறுகிய பனியில் அளவுக்கு மிஞ்சி ஓடி இடது காலெலும்பில் மயிரிழை வெடிப்பு. முழங்கால் வரைக்கும் சாம்பல் நிறப் பிளாஸ்ரிக் சப்பாத்துப் பூட்டிவிட்டார்கள். தொலைபேசியில் சொன்னாள்:

"எனக்கு இந்த முறை ஏலாது. நீங்களும் விடுங்கோ அம்மா. உங்களுக்கு விருப்பமில்லை எண்டு எனக்குத் தெரியும். உங்களுக்கு விடுதலை."

விடுதலை! நான் அதைக் கேட்கவேயில்லை. அடுத்த ஞாயிறு ஏழு மணிக்கு, பழக்கதோஷத்தில், சப்பாத்தைக் கட்டிக்கொண்டு குசினிக்குள் அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். மணி அடிக்கவில்லை. தேத்தண்ணீர் ஆறியது. இந்த ஓட்டம் இல்லையென்றால் என் பிள்ளைக்கு இந்த வீட்டுப் படி ஏற ஒரு காரணமும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. நான் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிவிட்டுச் செய்தி அனுப்பினேன்: "நான் விடேல்லை. ஓடப்போறன். தனிய ஓடப் பயமாக் கிடக்கு. நீ காரில பின்னால வா."

வந்தாள். இடது கால் என்பதால் கார் ஓட்டத் தடையில்லை. பங்குனியும் சித்திரையும் ஞாயிறு காலைகளில் புவாண்ட்-கிளேர் ஏரிக்கரைத் தெருவில் நான் ஓட, அவள் கொஞ்சத் தூரம் முன்னால் போய் நிறுத்திக் காத்திருப்பாள். வாழைப்பழமும் உப்புப் போட்ட உருளைக்கிழங்கும் தருவாள். "முதுகை நிமித்துங்கோ" என்று கண்ணாடியை இறக்கிச் சத்தம் போடுவாள். ஒருநாள் ஸ்ரியரிங்கில் கையை வைத்தபடி, "அப்பா இருந்தா உங்களைப் பாத்து விழுந்து விழுந்து சிரிச்சிருப்பார்" என்றாள். தகப்பனைப் பற்றி அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

என் இடுப்பு நொந்தது, நகம் கறுத்தது, வேலையில் நின்றபடி தூங்கினேன். ஆனால் ஒரு ஞாயிறும் தவறவில்லை.

4

இனி பங்குக் கதை.

பிலோ அக்கா யாழ்ப்பாணக் கரையோரத்துக்காரி, எங்கள் பங்குப் பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி. யாரும் தெரிவு செய்யவில்லை, அவவே அப்படித்தான். உயிர்த்த ஞாயிறுக்கு முன் ஒரு பின்னேரம் கோவில் மண்டபத்தில் என்னைப் பிடித்துக்கொண்டா.

"என்ன றீற்றா, ஞாயிறுகளில காணேல்லை? ரோட்டு வழிய ஓடுறாய் எண்டு சனம் கதைக்குது."

"ஓம் அக்கா. மே மாசம் அம்பது கிலோமீற்றர் ஓடவேணும்."

அவவின் முகம் மாறிவிட்டது. என் கையைப் பிடித்தா. "அம்பதோ? அது மன்னாரில இருந்து மடுவுக்கு நடக்கிற தூரமெல்லே." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆருக்குத் தங்கச்சி நேர்த்தி?" என்றா.

எங்கள் ஆட்கள் அப்படித்தான் நினைப்பார்கள், அவர்களில் பிழையும் இல்லை. பிள்ளைக்குச் சுகமில்லை, பிள்ளைப்பேறு இல்லை, காணாமல் போனவன் திரும்ப வேண்டும் என்றால் மடுத் திருத்தலத்து மாதாவுக்கு நேர்த்தி வைத்துவிட்டு அவ்வளவு தூரமும் நடப்பார்கள். அதைவிட்டால் எங்களில் ஒருவர் ஐம்பது கிலோமீற்றரைக் காலால் கடக்க வேறு காரணம் கிடையாது.

"நேர்த்தி இல்லை அக்கா. சும்மா ஓடுறன்."

"சும்மா ஆரும் அம்பது ஓடுவினமே? சரி, சொல்ல விருப்பமில்லாட்டில் சொல்லாத."

நேர்த்தியை வெளியில் சொல்லிக்கொண்டு திரிய மாட்டார்கள் என்பதால், நான் மறுக்க மறுக்க அது உறுதியாகிக்கொண்டே போனது. வாதாடிக் களைத்து மண்டப வாசலைப் பார்க்கிறேன், என்னைக் கூட்டிப்போக டிலானி முழங்கால் வரைக்கும் பிளாஸ்ரிக் சப்பாத்தோடு நொண்டி நொண்டி வருகிறாள்! எல்லாத் தலையும் அவள் காலைப் பார்த்துத் திரும்பியது. தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பெண் கேத்தலோடு நின்றுவிட்டாள். பிலோ அக்கா ஓடிப்போய் என் மகளைக் கட்டிப்பிடித்து அழுதா.

அன்றிலிருந்து வீட்டுக்கு சூப் வரத் தொடங்கியது. மந்திரித்த எண்ணெய் வந்தது. ஒன்பது நாள் செபமாலையில் டிலானியின் பெயர் சேர்க்கப்பட்டது. நான் வாயை மூடிக்கொண்டேன். சூப் நன்றாகத்தான் இருந்தது.

காரில் டிலானி கேட்டாள்: "நேர்த்தி எண்டா என்ன அம்மா?"

"மாதாவோட ஒரு ஒப்பந்தம் மாதிரி. நீ இதைத் தா, நான் இதைச் செய்யிறன் எண்டு."

"பாதியில நிப்பாட்டினா?"

"நிப்பாட்டேலாது. முடிக்காட்டில் திரும்பவும் முதல்ல இருந்து செய்யவேணும்."

"கடுமையான ஒப்பந்தம்" என்றாள். அவளுக்கு அது பிடித்திருந்தது என்று தோன்றியது. பந்தயம் எங்கே, எந்தப் பாதை என்று அன்ரிமார் கேட்டதாகவும், வரைபடத்தை அனுப்பிவிட்டதாகவும் போகிறபோக்கில் சொன்னாள். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

5

பந்தயம் நகரத்துக்கு வெளியே, ஏரியும் காடுமாக ஓர் இடத்தில். விடியற்காலையில் தொடங்கினோம். என் வயதில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களெல்லாம் மான்கள்போல் துள்ளிப் போய்விட்டார்கள். நான் என் வேலைத்தலத்து நடையில், ஒரே சீராக, ஒருவரையும் முந்தாமல் போனேன். டிலானியின் கால் அதற்குள் ஆறியிருந்தது, ஆனால் ஓடுகிற அளவுக்கு இல்லை. அவள் நாற்பதாவது கிலோமீற்றரில் நிற்பதாக ஏற்பாடு. அங்கே ஒரு நேரக்கட்டு இருந்தது. குறித்த நேரத்துக்குள் அந்த இடத்தைத் தாண்டாதவர்களை நிறுத்திவிடுவார்கள்.

பாதி தாண்டியதும் முழங்கால்கள் கதறத் தொடங்கின. ஆனால் நேரம் இருந்தது. டிலானி கட்டிவிட்ட கடிகாரம் அப்படித்தான் சொன்னது. இந்த மாரடிப்புப் போதும், முடித்துத் தொலைக்கலாம் என்று ஒரு மனம். முடித்தால் அடுத்த ஞாயிறு என்ன என்று இன்னொரு மனம். டிலானி கோடையில் எங்கெல்லாமோ போகத் திட்டம் வைத்திருந்தாள்.

காட்டுப் பாதை ஒரு தெருவைக் கடக்கிற இடத்தில் எங்கள் பங்குப் பெண்களைக் கண்டேன். பிலோ அக்காவின் மகனுடைய வான் நின்றது. மடிப்பு மேசை, பெரிய பானை, வாழையிலைக்குப் பதில் கடதாசித் தட்டில் வடை. நடுவில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை, எனக்காக. தண்ணீர்ப் பந்தல்!

நான் சின்னவளாக இருந்தபோது, திருவிழாக் காலத்தில் என் அப்பா மடு றோட்டில் தண்ணீர்ப் பந்தல் போடுவார். நேர்த்திக்கு நடந்து வருகிறவர்கள் உட்கார்ந்து ஒரு வாயாவது குடிக்காமல் போக மாட்டார்கள். தண்ணீர் கொடுப்பவருக்கும் அந்த நேர்த்தியில் பங்கு உண்டு, மறுத்தால் அந்தப் பங்கைப் பறிக்கிற மாதிரி என்பார் அப்பா. எனக்கு அது நன்றாகத் தெரியும். அவர்களுக்கும் தெரியும். கையைக் காட்டிவிட்டு ஓட என்னால் முடியவில்லை.

உட்கார்ந்தேன்.

ஒருத்தி தந்ததைக் குடித்தால் போதாது, எல்லாருக்கும் பங்கு வேண்டும். ஆளுக்கொரு மிடறு. ஒருத்தி எண்ணெய் தேய்த்தா. பிலோ அக்கா தலையில் கைவைத்துச் செபமாலையில் பத்து மணிகள் முழுவதும் உருட்டிச் சொன்னா, ஒரு அருள்நிறை மந்திரத்தைக்கூட விழுங்கவில்லை. சிவப்பு மேலங்கி போட்ட ஒரு பந்தயத் தொண்டர் ஓடி வந்து, இந்த இடத்தில் ஓட்டக்காரருக்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது, விதி என்று பிரெஞ்சில் சொன்னா. "போன்சூர், போன்சூர்" என்று அவவுக்கும் ஒரு வடையும் தேசிக்காய்த் தண்ணீரும் கையில் திணித்தார்கள். அவ ஒரு கடி கடித்துப் பார்த்துவிட்டு, விதியைப் பற்றி அதற்குமேல் பேசவில்லை. அந்த நேரத்தில்தான் யாரோ அந்தப் படத்தை எடுத்தார்கள்.

கதிரையை விட்டு எழும்பியபோது கால் இரண்டும் விறைத்துப்போயிருந்தன. ஓடப் பார்த்தேன். நடக்கத்தான் முடிந்தது.

நாற்பதாவது கிலோமீற்றருக்குப் போனபோது நேரக்கட்டு முடிந்து சில நிமிடங்கள். அங்கே நின்றவர் மரியாதையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு என் எண் அட்டையைக் கழற்றி எடுத்தார். பக்கத்தில் டிலானி வாழைப்பழத்தை உரித்தபடி நின்றாள். பாதி உரித்த பழத்தை என் கையில் வைத்தாள்.

6

வான் பின்னாலேயே வந்து சேர்ந்தது. விஷயம் தெரிந்ததும் பிலோ அக்கா நெஞ்சில் கைவைத்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டா.

"ஐயோ, எங்களாலதானே பிந்தினது! நேர்த்தியை நடுவழியில விடக்கூடாது தங்கச்சி. பிள்ளைக்கு ஏதும் ஆகிப்போனா?"

நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். நேர்த்தி இல்லை அக்கா, பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அதற்குள் டிலானி அவவுக்குப் பக்கத்தில் குந்தினாள். இந்த வருடங்களில் அவள் ஒரே மூச்சில் இவ்வளவு தமிழ் பேசி நான் கேட்டதில்லை.

"அழாதேங்கோ அன்ரி. முடிக்காட்டில் திரும்ப முதல்ல இருந்து செய்யவேணும்தானே? அம்மா சொன்னவ. வாற வருசம் செய்வம். நானும் சேந்து ஓடுறன். நீங்கள் கதிரையைக் கடைசியில போடுங்கோ, நடுவில வேண்டாம்."

பிலோ அக்கா மூக்கைச் சிந்திவிட்டுச் சம்மதித்தா. எனக்கு இன்னொரு குளிர்காலம் கண்முன்னால் வந்தது. வாசலின், ஆணிச் சப்பாத்து, உறைமழை, கோட்டோடு சோபாவில் நித்திரை. களைப்பில் அழுகை வந்தது. சந்தோசத்திலும் வந்தது. எது எவ்வளவு என்று பிரிக்க எனக்குத் தெம்பில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் நித்திரை. பார்க் எக்ஸ்ரென்சனில் எழுப்பினாள். மூன்று மாடிப் படி. முதல் படியிலேயே என் கால் மறுத்துவிட்டது. டிலானி என் கையைத் தன் தோளில் போட்டு, இடுப்பைப் பிடித்து, மெதுவாகப் பிரெஞ்சில் சொன்னாள். காலைத் தூக்குங்கள். என்மேல் சாயுங்கள். அடுத்த படி. அந்தப் பிரெஞ்சு எனக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது.

இரண்டாம் மாடியில் நின்று மூச்சு விட்டோம். "நோகுதா?" என்று கேட்டாள். இத்தனை வருடமாக அந்தக் கேள்வியை ஊரார் தாய்மாரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். என்னை யாரும் கேட்டதில்லை.

"ஓம் பிள்ளை," என்றேன். "சரியா நோகுது."

"அப்ப வாற ஞாயிறு ஓட வேண்டாம்," என்றாள். "ஏழு மணிக்கு வாறன். சும்மா இருந்து தேத்தண்ணி குடிப்பம்."